சக்கரக் குப்பைத் தொட்டி வடிவமைப்பு: டெல்டா ஊர்களுக்கான முழு வழிகாட்டி

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் ஓரமாக ஒதுக்கிப் போட்ட பிளாஸ்டிக் சக்கரத் தொட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் உடைந்திருக்கும். லாரி பிடித்துத் தூக்கும் வாய் விளிம்பு, ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) உட்காரும் குழி, மூடியின் கீல், தரையில் உரசும் அடி. நடுச் சுவர் கிழிந்த தொட்டி அபூர்வம். ஆனால் புதிதாக வரைய வருகிறவர்கள் நடுச் சுவரில் தொடங்கி, கடைசியாகத்தான் இந்த நான்கு இடங்களுக்கு வருகிறார்கள். அதற்குள் உருவம் முடிவாகிவிடுகிறது. பிறகு ரிப் (சுவருக்கு முட்டுக் கொடுக்கும் மெல்லிய வரம்பு) வைக்க இடமில்லை, சக்கரத்தைப் பெரிதாக்க வழியில்லை.

இந்த நான்கு இடங்களில் விழும் சுமையை முடிவு செய்வது தொட்டிக்கு வெளியே இருக்கிறது. குப்பையின் எடை, தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்க லாரியில் இருக்கும் தூக்கி, தெருவின் தரை, ஊரின் வெயில். அதனால் வெளியே அளந்துவிட்டு உள்ளே வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். சின்ன பிளாஸ்டிக் ஆலை நடத்துபவர்கள், மோல்டு (வார்ப்பு அச்சு) வரைபவர்கள், நகராட்சியில் தொட்டி வாங்க விவரக்குறிப்பு எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. வரையத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி, ஒரு தராசு, அளவு நாடா, வெர்னியர். ஏற்கெனவே உடைந்த தொட்டிகள் சில, முடிந்தால் வெவ்வேறு இடங்களில் உடைந்தவை. தொட்டியைத் தூக்கப்போகும் லாரியை அரை நாள் பார்க்க அனுமதி. இஎன் 840 என்ற ஐரோப்பியத் தரத்தின் பிரதி.

இஎன் 840ஐ முழுவதும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே ஓடும் காம்பாக்டர்களில் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரிகளில்) பலவற்றின் தூக்கி அந்த அளவுகளை ஒட்டியே இருக்கிறது. பகுதி 1 இரண்டு சக்கரத் தொட்டிகளுக்கு, 400 லிட்டர் வரை. பகுதி 2 முதல் 4 வரை நான்கு சக்கரத் தொட்டிகளுக்கு. பகுதி 5 சோதனை முறைகள், பகுதி 6 பாதுகாப்பு. முதலில் 1, 5 இரண்டையும் படித்தால் போதும்.

இன்னொன்றும் வேண்டும்: தொட்டியை இழுக்கும் தூய்மைப் பணியாளர்களோடு ஒரு காலைப்பொழுது. "அக்கா, இதுல எந்தத் தொட்டி இழுக்கக் கஷ்டம்? ஏன்?" என்று கேளுங்கள். எந்தப் பக்கச் சக்கரம் முதலில் கழலுகிறது, எந்த மூடி காற்றில் திறந்துகொள்கிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வரும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

2. குப்பையை எடை போடுங்கள்

வாளியில் குப்பையை அள்ளி, கடைக்காரர் எப்படிப் போடுவாரோ அப்படியே நிரப்புங்கள். அழுத்த வேண்டாம். எடை போட்டு வாளியின் எடையைக் கழித்து 20ஆல் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். பிறகு அதே குப்பையைக் காலால் மிதித்து அழுத்தி, மேலும் நிரப்பி, இன்னொரு முறை எடை போடுங்கள். தொட்டி நிரம்பிவிட்டால் மக்கள் செய்வது அதுதான்.

இதை ஒரே இடத்தில் செய்துவிட்டு முடிக்கக் கூடாது. தாராசுரம் காய்கறி மார்க்கெட், தஞ்சாவூர் பூக்காரத்தெரு, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு, நாகை மீன் இறங்கும் இடம், ஒரு குடியிருப்புத் தெரு என்று குறைந்தது நாலைந்து இடங்கள் வேண்டும். சாப்பிட்ட வாழை இலையும் மிச்சச் சோறும் சாம்பாரும் கலந்த குப்பை வேறு, அட்டைப்பெட்டிக் குப்பை வேறு. இளநீர்க் கூடு தன் எடைக்கு மிஞ்சிய இடத்தை அடைத்துக்கொள்ளும், எறியும்போது அடியைப் பலமாகத் தாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். நனைந்த பூமாலையும் வைக்கோலும் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும்.

இஎன் 840இல் தொட்டியின் சுமை லிட்டருக்கு 0.4 கிலோ என்று கணக்கிடப்படுகிறது. 120 லிட்டருக்கு 48 கிலோ, 240 லிட்டருக்கு 96 கிலோ, 1,100 லிட்டருக்கு 440 கிலோ. உங்கள் வாளியில் 9 கிலோ வந்தால் லிட்டருக்கு 0.45. அந்தக் குப்பை 240 லிட்டர் நிரம்பினால் 108 கிலோ. தொட்டி தன் கணக்கைத் தாண்டிவிட்டது.

இங்கே எல்லோரும் "சுவரைக் கனமாக்கிவிடலாம்" என்கிறார்கள். என் முடிவு வேறு. ஈரக் குப்பைக்கு 120 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். தொட்டியைக் கனமாக்கினால் தொட்டி தாங்கும், இழுப்பவர் இடுப்பு தாங்காது. உலர் குப்பைக்கு 240 லிட்டர் நல்ல அளவு. 

மழைநீர் தேங்குவதையும் கணக்கில் வையுங்கள். மூடி திறந்து கிடக்கும் 240 லிட்டர் தொட்டி நிரம்பினால் அதில் 240 கிலோ தண்ணீர். அடியில் வடிகால் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

3. எது தூக்கப்போகிறது என்று பாருங்கள்

காம்பாக்டரின் பின்புறத்தில் சீப்புப் பற்கள் போல ஒரு வரிசை இருக்கும். அது தொட்டியின் முன் விளிம்புக்குக் கீழே நுழைந்து, மேலே ஒரு பட்டை அழுத்திப் பிடிக்க, தொட்டி தலைகீழாகும். நான்கு சக்கரப் பெரிய தொட்டிகளை இரு பக்கமும் நீட்டியிருக்கும் உருளைக் கட்டைகளில் பிடித்துத் தூக்கும் முறையும் உண்டு.

லாரி நிறுவனத்தின் படத்தை நம்பி வரையாதீர்கள். நேரில் போய் அளக்க வேண்டும். பற்களின் இடைவெளி, பருமன், நுனியின் சாய்வு, தூக்கி முழுதாக இறங்கிய நிலையில் தரையிலிருந்து பல் வரை உள்ள உயரம். ஓடித் தேய்ந்த லாரியில் ஒன்றிரண்டு பற்கள் வளைந்திருக்கும். அப்போது தொட்டி முழுவதும் மீதிப் பற்களில் தொங்கும். உங்கள் விளிம்பு அந்த நிலையையும் தாங்க வேண்டும். எல்லாப் பற்களும் சமமாகச் சுமப்பதாக வைத்துக் கணக்குப் போடுவது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. சுமையில் பாதியை இரண்டு பற்கள் தாங்குவதாக வைத்துப் பாருங்கள்.

தூக்கி இல்லாத பேட்டரி வண்டிதான் வரப்போகிறது என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நிரம்பிய 120 லிட்டர் தொட்டி, தன் எடையும் சேர்த்து ஐம்பத்தைந்து, அறுபது கிலோ வரும். அதை ஆட்கள் கையால் தூக்கி வண்டிக்குள் கவிழ்ப்பது முதுகை ஒடிக்கும் வேலை. அந்த ஊருக்கு இரு பக்கமும் பிடி வைத்த சின்ன வாளிகளை வடிவமைத்துக் கொடுங்கள். சக்கரத் தொட்டி தூக்கி உள்ள ஊருக்கு மட்டும்தான்.

4. தரையில் நடங்கள், பிறகு சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள்

சந்துக்குள் காம்பாக்டர் நுழையாது. தொட்டிதான் தெருமுனைக்கு வர வேண்டும். அந்தப் பாதையில் நடந்து, ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அளந்து எழுதுங்கள். சாக்கடை மேல் போட்ட சிலாப்புகளின் இடைவெளி, பேவர் பிளாக் தெருவும் தார்ச்சாலையும் சேரும் இடத்தில் உள்ள விளிம்பு, வேளாங்கண்ணிப் பக்கம் மணல், திருவாரூர்ப் பக்கம் மழையில் ஒட்டும் களிமண்.

சக்கரம் பெரிதானால் என்ன லாபம் என்பதை எண்ணில் பார்க்கலாம். 25 மி.மீ. உயரமுள்ள விளிம்பில் ஏற, 200 மி.மீ. சக்கரத்துக்குச் சக்கரம் சுமக்கும் எடையில் 0.88 பங்கு இழுவிசை வேண்டும். 250 மி.மீ. சக்கரத்துக்கு 0.75 பங்கு. 300 மி.மீ. சக்கரத்துக்கு 0.66 பங்கு. சந்தையில் எளிதாகக் கிடைப்பது 200 மி.மீ. சக்கரம், விலையும் குறைவு. ஆனால் பழைய டெல்டா ஊர்களின் தெருக்களுக்கு நான் 250க்குக் கீழே போகமாட்டேன். மணலில் விட்டத்தைவிட அகலம் முக்கியம். ஒடுங்கிய சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

இதை இப்போதே முடிவு செய்ய ஒரு காரணம் உண்டு. சக்கரத்தின் விட்டம் மாறினால் ஆக்ஸிலின் உயரம், பின்பக்கக் குழிவு, முன் அடியின் உயரம் மூன்றும் மாறும். ஆனால் வாய் விளிம்பின் உயரம் லாரியால் கட்டுப்பட்டது, அது மாறக் கூடாது. மோல்டு வெட்டிய பிறகு "பெரிய சக்கரம் போட்டுக்கொள்ளலாம்" என்பது நடக்காது.

ஆக்ஸில் முழுக் கம்பியாக இருக்கட்டும், குழாய் வேண்டாம். 240 லிட்டருக்கு 20 மி.மீ. விட்டம் போதும். மின்முலாம் பூசிய கம்பி கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் தாக்குப்பிடிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் சேர்ந்து அதைச் சீக்கிரம் அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பியைக் கேளுங்கள்.

ஆனால் ஆக்ஸில் வளைவதைவிட, அது உட்காரும் பிளாஸ்டிக் குழி கிழிவதுதான் அதிகம். கணக்கைப் பாருங்கள். 240 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 13 கிலோ, சுமை 96, மொத்தம் 109 கிலோ. உருளும்போது இது அத்தனையும் ஆக்ஸில் மேல். குழியில் 3 மி.மீ. பருமனுள்ள 4 ரிப்கள் 20 மி.மீ. கம்பியைத் தாங்கினால் தொடும் பரப்பு 240 சதுர மி.மீ. அழுத்தம் சுமார் 4.5 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்ற அலகு). விளிம்பிலிருந்து தொம்மென்று இறங்கும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 13க்கு மேல். சாதாரண வெப்பத்தில் எச்டிபிஇ (தொட்டி செய்யும் அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) 25 மெகாபாஸ்கல் அளவில்தான் விட்டுக்கொடுக்கும், ஆனால் 60 டிகிரி வெயிலில் அந்த வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆக, சித்திரை வெயிலில் நாலு ரிப் போதாது. எட்டு ரிப் வையுங்கள், அல்லது கம்பியை முழு நீளத்துக்கும் சுற்றிப் பிடிக்கும் குழாய் வடிவம் கொடுங்கள்.

5. சாய்க்கும் பலத்தைக் கணக்கிடுங்கள்

நிற்கும் தொட்டியை இழுக்க முதலில் பின்னால் சாய்க்க வேண்டும். நிரம்பிய தொட்டியின் ஈர்ப்பு மையம் ஆக்ஸிலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அதற்கேற்ப பலம் வேண்டும். மேலே சொன்ன 109 கிலோ தொட்டியில் அந்தத் தூரம் 200 மி.மீ., ஆக்ஸிலிலிருந்து கைப்பிடி 950 மி.மீ. என்றால் கைக்கு 23 கிலோ வரும். தூரம் 260 மி.மீ. ஆனால் 30 கிலோ. நாள் முழுதும் தொட்டி சாய்ப்பவருக்கு இந்த 7 கிலோ பெரிய வித்தியாசம்.

அப்படியானால் ஆக்ஸிலை முன்னால் நகர்த்திக்கொண்டே போகலாமே என்று தோன்றும். எல்லை இருக்கிறது. காலித் தொட்டியில் மூடியைத் திறந்து பின்னால் தொங்கவிட்டால் எடை பின்பக்கம் சாயும். அந்த நிலையில் லேசான காற்றுக்கே தொட்டி மல்லாந்துவிடக் கூடாது. மாடு மூக்கால் தள்ளும், ஆடு முன்னங்கால் வைத்து ஏறும். நிரம்பிய நிலை, காலி நிலை இரண்டையும் வரைபடத்திலேயே சரிபார்த்துவிட்டு ஆக்ஸில் இடத்தை உறுதி செய்யுங்கள்.

6. எந்த முறையில், எந்த ஆலையில்

தண்ணீர்த் தொட்டி செய்யும் ரோட்டோ மோல்டிங் (மோல்டைச் சூடாக்கிச் சுழற்றி வார்க்கும் முறை) ஆலைகள் நம் பக்கம் உண்டு. மோல்டு விலை குறைவு, சில நூறு தொட்டிகளுக்கு அது கட்டுப்படியாகும். ஆனால் சுவர்ப் பருமன் இடத்துக்கு இடம் மாறும், கெட்டியான மெல்லிய ரிப் வார்க்க முடியாது, தூக்கியின் பற்கள் நுழையும் விளிம்பு துல்லியமாக வராது. தூக்கியில் மாட்டும் தொட்டிக்கு நான் இஞ்செக்‌ஷன் மோல்டிங்கையே (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி மோல்டுக்குள் செலுத்தும் முறை) சொல்வேன்.

அதற்குப் பெரிய மெஷின் தேவை. 240 லிட்டர் தொட்டியின் வாய் ஏறக்குறைய 580க்கு 730 மி.மீ., பரப்பு சுமார் 4,200 சதுர செ.மீ. மோல்டுக்குள் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 300 முதல் 400 கிலோ என்றால் மோல்டை மூடிப் பிடிக்க 1,270 முதல் 1,690 டன் வேண்டும். இந்த அளவு மெஷின் எந்த ஆலையில் இருக்கிறது, அதன் தூண்களுக்கு நடுவே உங்கள் மோல்டு நுழையுமா, அவ்வளவு ஆழத்துக்குத் திறக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கோட்டைப் போட வேண்டும்.

7. பிளாஸ்டிக்கை நீங்களே எழுதிக் கொடுங்கள்

"எச்டிபிஇ" என்று மட்டும் எழுதினால் வாளி செய்யும் ரகத்தையும் போட்டுவிடுவார்கள். வாளி செய்யும் ரகம் மோல்டுக்குள் சுலபமாக ஓடும், ஆனால் அழுத்தத்தில் வெடிக்கும். எம்எஃப்ஐ என்ற உருகு ஓட்ட எண், 190 டிகிரி, 2.16 கிலோ சோதனையில், 4 முதல் 8 வரை இருக்கும் ரகத்தைக் கேளுங்கள். எண் குறையக் குறைய பொருள் உறுதி, ஆனால் நிரப்புவது கடினம். மோல்டு ஆட்கள் எப்போதும் எண்ணை ஏற்றத்தான் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டம் போதவில்லை என்றால் கேட் (பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். எச்டிபிஇ, இழுபட்ட நிலையில் சோப்பு, எண்ணெய், பினாயில் போன்றவை பட்டால் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும். கல்யாண மண்டபத் தொட்டிகளில் எண்ணெயும் பாத்திரம் கழுவும் சோப்பும் தினமும் படுகின்றன. ஏஎஸ்டிஎம் டி1693 என்ற சோதனை இதற்கானது. அந்தச் சோதனையின் முடிவை ரகத்தின் விவரத்தாளில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

வெயிலுக்குக் கறுப்பு நிறம் நல்ல காப்பு. 2 முதல் 2.5 சதவீதக் கார்பன் பிளாக் சேர்த்தால் சூரிய ஒளி உள்ளே இறங்காது. பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் அதைப் போட முடியாது, அங்கே பிளாஸ்டிக்கை வெயிலில் சிதையாமல் காக்கும் ஹால்ஸ் வகை நிலைப்படுத்தி தேவை. நிற மாஸ்டர்பேட்ச் (நிறம் செறிந்த பிளாஸ்டிக் குருணை) வாங்கும்போது அதில் எவ்வளவு நிலைப்படுத்தி இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். "யூவி உண்டு" என்ற வாய்ச்சொல் போதாது.

பச்சை, நீலம் பற்றி இன்னொரு செய்தி. இந்த இரண்டு நிறங்களுக்கும் வழக்கமாகப் பயன்படுவது தாலோசயனின் வகைச் சாயம். அது எச்டிபிஇ உறையும் விதத்தையே மாற்றி, சுருக்கத்தையும் வளைவையும் மாற்றிவிடும். ஒரே மோல்டில் கறுப்பு மூடி சமதளமாக வர, நீல மூடி ஓரம் தூக்கி வரலாம். மோல்டு சோதனையைக் கறுப்பில் நடத்தி ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு நீலத்தில் உற்பத்தி தொடங்கித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். விற்கப்போகும் நிறத்திலேயே சோதனை செய்யுங்கள்.

கலப்படத்தைப் பிடிக்க எளிய வழி: தொட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். எச்டிபிஇயின் அடர்த்தி 0.95, அது மிதக்க வேண்டும். சுண்ணாம்புத்தூள் எடையில் 8 சதவீத அளவுக்குப் போனாலே துண்டு மூழ்கத் தொடங்கும். மூழ்கினால் கலப்படம் நிச்சயம். மிதந்தால் மட்டும் நல்ல பொருள் என்று ஆகிவிடாது, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் மிதக்கும். மறுசுழற்சிப் பொருளை மூடியிலோ சக்கர நடுவிலோ அளவோடு பயன்படுத்தலாம், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால். விளிம்பும் ஆக்ஸில் குழியும் உள்ள உடம்பில் வேண்டாம்.

8. சுவர், ரிப், மூலை

240 லிட்டருக்கு 3 முதல் 4 மி.மீ. சுவர் போதும். அடியில் கூட்டுங்கள், ஆனால் பருமன் படிப்படியாக ஏற வேண்டும். திடீரென்று ஏறினால் தடித்த இடம் தாமதமாகக் குளிர்ந்து சுருங்கி, ஒல்லியான இடத்தை இழுக்கும். எச்டிபிஇ 1.5 முதல் 3 சதவீதம் சுருங்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

ரிப்பின் பருமன் சுவரில் பாதி முதல் 60 சதவீதம் வரை. அதற்கு மேல் போனால் மறுபக்கத்தில் பள்ளம் விழும். உறுதி வேண்டுமென்றால் ஒரு தடித்த ரிப்பைவிட மூன்று மெல்லிய ரிப் நல்லது.

உள்மூலை ஒவ்வொன்றுக்கும் சுவரில் பாதியளவாவது வளைவு ஆரம் கொடுங்கள். உடைந்த தொட்டிகளைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். விரிசல் தொடங்கிய புள்ளியை விரலால் தடவிப் பாருங்கள், கூரிய உள்மூலைதான் தட்டுப்படும்.

பக்கச் சுவர் கீழே குறுகி வருவதால் மோல்டிலிருந்து கழற்றுவது சுலபம். காலித் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் அதுவே உதவும். அடுக்கும்போது இறுகாமல் இருக்க உள்ளே சின்ன முட்டுகள் வையுங்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ 2028 மகாமகத்துக்கோ நூற்றுக்கணக்கில் அனுப்பும்போது, லாரியில் அடுக்கி வந்ததை ஆட்கள் பிரிக்க முடியாமல் திணறக் கூடாது.

9. வாய் விளிம்பு

இந்த ஒரு பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். தினமும் முழுச் சுமையோடு தூக்கி, கவிழ்த்து, குலுக்கி, மீண்டும் தரையில் போடப்படும் இடம் இது.

விளிம்பை ஒரே கனமான பட்டையாக வார்க்காதீர்கள், உள்ளே வெற்றிடம் விழும். கீழ்நோக்கி மடிந்த உதடு, அதன் உள்ளே நெருக்கமான குறுக்கு ரிப்கள், இந்த அமைப்பு எடை குறைவாக, உறுதி அதிகமாக வரும். பற்கள் நுழையும் இடத்தில் ரிப்பின் முனையைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். இரும்புப் பல் கூர்முனையைத்தான் முதலில் உடைக்கும். விளிம்பிலிருந்து முன் சுவருக்குச் சுமையை இறக்க, சுவரில் செங்குத்தாக ஒரு சாண் நீளத்துக்காவது ரிப்களை நீட்டுங்கள். விளிம்பு மட்டும் உறுதியாக இருந்து, அதன் கீழே சுவர் மெலிந்திருந்தால் விளிம்பு முழுசாகக் கழன்று வரும்.

உருகிய பிளாஸ்டிக் அடியிலிருந்து நாலு சுவர் வழியாக ஏறி மேலே சந்திக்கும். சந்திக்கும் கோடு வலு குறைந்த கோடு. அது பற்கள் பிடிக்கும் இடத்திலோ கைப்பிடி வேரிலோ விழக் கூடாது. மோல்டுக்கான இரும்பை வெட்டும் முன் கணினியில் ஓட்டம் பார்க்கச் சொல்லி, சந்திப்புக் கோடுகளைக் குறித்து வாங்குங்கள். கேட் இடத்தை மாற்றினால் கோடும் நகரும். அந்தக் கட்டத்தில் இதற்குச் செலவு எதுவும் இல்லை.

10. மூடி

மூடி மழையைத் தள்ள வேண்டும், மாட்டைத் தடுக்க வேண்டும், தலைகீழாகும்போது தானே திறக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று முட்டும் தேவைகள். நடுவில் உயர்ந்து ஓரங்களில் வழியும் வடிவமும், உடம்பின் விளிம்புக்கு வெளியே இறங்கும் உதடும் மழைக்கு. மாட்டுக்காகப் பூட்டு வைத்தால் தூக்கியில் திறக்காது. முன்பக்கம் நீட்டிய பிடியைச் சுருக்கி, மூக்கு நுழைய இடமில்லாமல் உதட்டைச் சற்று ஆழமாக்குவது போதுமானது.

வெயிலில் எச்டிபிஇ ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.15 முதல் 0.2 மி.மீ. வரை விரியும். 580 மி.மீ. மூடி, 30 டிகிரியிலிருந்து 65க்குப் போனால் 3 முதல் 4 மி.மீ. கூடும். உடம்பு குப்பையின் ஈரத்தில் அவ்வளவு சூடாகாது. இந்த இடைவெளி விடாமல் இறுக்கமாக வரைந்தால் மதியம் மூடி சிக்கிக்கொள்ளும், கீல் மேல் இழுவை ஏறும்.

கீலுக்கு இரும்பு ஆணி வேண்டாம். பிளாஸ்டிக் முளை, கையால் தட்டி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். மூடி பின்னால் முழுதும் சுற்றித் தொங்கும்படி விடுங்கள். பாதியில் முட்டி நின்றால், கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த முட்டில்தான் அடி விழும்.

11. அடி, வடிகால், பெருச்சாளி

சாய்த்து இறக்கும்போது முன் அடி தரையில் உரசும். அங்கே மட்டும் கூடுதல் பருமனில் இரண்டு தேய்மானப் பட்டைகள் கொடுங்கள்.

வடிகால் துளையைத் திறந்தே விட்டால் தெருவெல்லாம் கழிவுநீர். அடைத்தே விட்டால் மழைநீர். திருகு மூடி உள்ள துளை வையுங்கள், மூடியைத் தொட்டியோடு சங்கிலியாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ கட்டிவிடுங்கள். கட்டாத மூடி முதல் வாரத்திலேயே தொலையும்.

நெல் விளையும் ஊரில் பெருச்சாளி இல்லாமல் இருக்காது. அது வழவழப்பான வளைந்த பரப்பைக் கடிக்கத் திணறும், பல்லுக்குச் சிக்கும் விளிம்பைத்தான் தேடும். அடி மூலைகளைப் பெரிய ஆரத்தில் உருட்டுங்கள், வடிகால் வாயைத் தடித்த வளையமாக்கி உள்ளே தள்ளி வையுங்கள்.

வெள்ளத்தில் மூடிய தொட்டி மிதந்து போய்விடும், புயல் காற்றில் காலித் தொட்டி உருண்டு ஓடும். பின்பக்கத்தில் சங்கிலி கோக்க ஒரு கண் விடுங்கள். மோல்டில் இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

12. நிறம், எழுத்து

மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம் என்று மக்களுக்குப் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம். ஒட்டும் ஸ்டிக்கர் நிற்காது. எழுத்தை மோல்டிலேயே பொறியுங்கள், பெரிய தமிழ் எழுத்தில். "நெருப்பு, சூடான சாம்பல் போடாதீர்" என்பதும் அதில் இருக்கட்டும். டீக்கடை அடுப்புச் சாம்பலுக்கும் கோயில் தூபக் கரிக்கும் தனியாகத் தகரத் தொட்டி வைப்பதே சரி.

உற்பத்தி மாதம், ஆண்டு காட்டும் வட்ட முத்திரையும் பொருளின் குறியீடும் மோல்டில் கட்டாயம். மூன்று ஆண்டு கழித்து உடைந்து வரும்போது எந்தத் தொகுதி என்று தெரிய இதைத் தவிர வேறு வழியில்லை.

13. சோதனை

முதல் தொட்டிகள் வந்ததும் சுமைக்கு மணல் மூட்டை பயன்படுத்துங்கள், எடை துல்லியமாகக் கிடைக்கும். வரிசை முக்கியம்: முதலில் வெயிலில் காயவிடுங்கள், பிறகு அடித்துச் சோதியுங்கள். புதுத் தொட்டியில் எல்லாச் சோதனையும் தேறும்.

ஐரோப்பியச் சோதனையில் தொட்டியை உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து அடிப்பார்கள். நமக்கு அதைவிடச் சூடு முக்கியம். சுமையோடு சித்திரை மதியத்தில் நிறுத்தி, சூடு ஏறிய நிலையிலேயே தூக்கியில் மாட்டுங்கள். விளிம்பு எத்தனை மி.மீ. இறங்கியது, இறக்கிய பின் எவ்வளவு மீண்டது என்று அளங்கள். மீளாத அளவு தினமும் கூடிக்கொண்டே போனால் ரிப் போதவில்லை.

அடுத்து, தூக்கும் சுற்றுகள். ஒரு நாளைக்கு ஒரு முறை என்றாலும் ஐந்து ஆண்டில் 1,825 முறை. அதைப்போல் இரு மடங்காவது சோதனையில் ஓட்டுங்கள். உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மோட்டாரும் நெம்புகோலும் வைத்துத் தூக்கியைப் போன்ற சாதனம் செய்துவிடலாம். ஆனால் பற்களின் உருவம் உண்மையான லாரியினுடையதாக இருக்க வேண்டும்.

பிறகு உருட்டல். தெருவில் அளந்த அதே உயரத்துக்கு ஒரு விளிம்பு கட்டி, முழுச் சுமையோடு ஏற்றி இறக்குங்கள். நூறு முறைக்கு ஒரு தடவை நிறுத்தி ஆக்ஸில் குழியில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் வெளுத்துப்போவது விரிசலின் முன்னறிவிப்பு.

சோப்புச் சோதனையை ஆலையிலேயே எளிமையாகச் செய்யலாம். விளிம்பிலிருந்து ஒரு பட்டை வெட்டி, நடுவில் பிளேடால் மெல்லக் கீறி, இரண்டாக வளைத்துக் கட்டி, சோப்புக் கரைசலில் வெதுவெதுப்பாக ஊறவையுங்கள். நல்ல ரகத்துப் பட்டையையும் பக்கத்திலேயே ஊறவையுங்கள். எது முந்தி வெடிக்கிறது என்பது உங்களுக்கு விவரம் சொல்லும்.

14. கொள்முதல் விவரக்குறிப்பும் உதிரியும்

நகராட்சிக்காக எழுதுகிறீர்கள் என்றால் "உயர்தர, நீடித்து உழைக்கும்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். அளக்க முடியாத எதையும் யாரும் நிராகரிக்க முடியாது. கொள்ளளவு, சுமை, காலித் தொட்டியின் குறைந்தபட்ச எடை, எம்எஃப்ஐ வரம்பு, சக்கர விட்டமும் அகலமும், ஆக்ஸில் விட்டமும் பூச்சும், தூக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எண்ணாக எழுதுங்கள். வந்த சரக்கில் எத்தனை தொட்டியை வெட்டிச் சோதிக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே வையுங்கள். குறைந்தபட்ச எடை என்ற ஒரு வரி இல்லாவிட்டால், விலையைக் குறைக்கச் சுவரை மெலிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நூறு தொட்டி வாங்கினால் சக்கரம் பத்து ஜோடி, மூடி பத்து, கீல் முளை ஐம்பது, வடிகால் மூடி ஐம்பது என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். சக்கரத்தைப் பூட்டும் கொக்கியைக் கழற்ற என்ன கருவி வேண்டும் என்று கேட்டு, அதிலும் இரண்டை வார்டு அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு சக்கரம் போனதற்காக முழுத் தொட்டியையும் ஓரங்கட்டுவது பெரும்பாலும் அந்தக் கருவி கைவசம் இல்லாததால்தான்.